கருங்கலிலிருந்து பெங்களூருக்கு, இரண்டு சிறு பிள்ளைகளோடு

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு ஜூன் முதல் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மகள் யூகேஜி படிக்கிறாள், ஐந்து வயது முடிந்துவிட்டது. மகனுக்கு ஒன்றரை வயது. இவர் பி.எட். முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கூடவே இருக்கும் மாமியார், 'பெங்களூருக்கெல்லாம் என்னால் வர முடியாது' என்று சொல்லிவிட்டார். குடும்பமாகப் போவதா, கணவர் மட்டும் போய் மாதம் ஒருமுறை வந்து போவதா, போவதாக இருந்தால் எதையெல்லாம் இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான் கேள்வி.

போங்கள். எல்லாருமாகவே போங்கள். அவர் மட்டும் போவது கேட்பதற்குச் சிக்கனமாகத் தெரியும். ஆனால் அங்கே ஒரு வாடகை, இங்கே ஒரு வீட்டுச் செலவு, நடுவில் ரயில், பஸ் என்று கணக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. ஒன்றரை வயதுப் பையன் அப்பாவைப் போனில் பார்த்து வளர்வது வளைகுடாவுக்குப் போன குடும்பங்களுக்கு வேறு வழியில்லாத விஷயம். ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்ச் சேருகிற ஊருக்கு அது எதற்கு?

ஆனால் எல்லாரும் ஒரே நாளில் கிளம்ப வேண்டாம். அவர் ஏப்ரலிலேயே ஒரு தடவை லீவு போட்டுப் போய் வீடும் பள்ளியும் பார்க்கட்டும். நீங்களும் பிள்ளைகளும் மே மாதக் கடைசியில் போனால் போதும்.

பெங்களூரில் பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாகர்கோவில் திரும்பியவன் நான். நம் பக்கத்திலிருந்து அங்கே குடிபோகிறவர்கள் பெரும்பாலும் சாமான் ஏற்றுவது, அட்வான்ஸ், ஆதார் என்றுதான் கவலைப்படுவார்கள். அதெல்லாம் எப்படியும் நடந்துவிடும். உண்மையான சிரமம் உங்களுடைய பகல் பொழுதுதான். இங்கே பையன் அழுதால் தூக்க மாமியார் இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார், அவசரத்துக்கு உங்கள் அம்மா வீடு ஒரு ஆட்டோ தூரம். அங்கே காலை எட்டு மணிக்குக் கணவர் கிளம்பினால் ராத்திரி எட்டு மணி வரை நீங்கள் ஒருவர்தான். வீடு, பள்ளி, உங்கள் வேலை எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே தீர்மானியுங்கள்.

முதலில் வீடு. ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதுதான் வழக்கம். நான் நேர்மாறாகச் சொல்வேன். மகளின் பள்ளி, ஒரு குழந்தை டாக்டர், காய்கறிக் கடை மூன்றும் நீங்கள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். அலைச்சல் அவருக்கு இருக்கட்டும். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை போகும் மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டி அந்தத் தடத்திலேயே இருக்கிறது. அதனால் அந்த வழியில் எங்கே வீடு அமைந்தாலும் அவரால் போய் வர முடியும்.

போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். ஏப்ரலில் நேரில் போகச் சொல்வதற்கு ஒரு காரணம் தண்ணீர். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்திலிருந்து போகிற நமக்கு, வீடு பார்க்கும்போது தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றே தோன்றாது. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்த அடுக்குமாடிகள் ஏராளம். காவேரி இணைப்பு உண்டா, போர்வெல் மட்டுமா, டேங்கர் வந்தால் காசு யார் கொடுப்பது என்று வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், வாட்ச்மேனிடமும் மேல்மாடிக்காரரிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டில் மற்ற மாதங்களில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

அட்வான்ஸ் நம் ஊரை விட மிக அதிகம். பத்து மாத வாடகை கேட்பது அங்கே பழைய வழக்கம். இப்போது பேசினால் ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் நாடு முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இங்கே ஒரு மாற்று யோசனையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி என்பதால் ஓசூரையும் யோசிக்கலாம். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், தமிழ்நாடு. அங்கிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் நிறைய. மாநிலம் மாறாததால் வண்டி நம்பர், ரேஷன், பள்ளி வயது, மகளின் தமிழ்ப் பாடம் எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. கடை, ஆஸ்பத்திரி, பள்ளி எங்கே போனாலும் நீங்கள் தமிழிலேயே சமாளிக்கலாம். பகலில் தனியாக இருக்கப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கெடுதல் என்னவென்றால் அந்த நெடுஞ்சாலை நெரிசல். அவர் வீடு திரும்புவதற்குள் பையன் தூங்கியிருப்பான். இரண்டு வருடத்தில் ஊருக்கோ சென்னைக்கோ மாற்றல் வாங்குவார் என்றால் ஓசூர் நல்ல முடிவு. நான்கைந்து வருடத்துக்குக் குறையாது என்றால் பெங்களூருக்கே போய்விடுங்கள். பிள்ளைகள் பழகிய பிறகு இன்னொரு தடவை பிடுங்கி நடுவது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

பள்ளி விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது வயதில். தமிழ்நாட்டில் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1ஆம் தேதி ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 2025-26 கல்வியாண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளிலும் ஆறு வயதுதான் கணக்கு. அதனால் உங்கள் மகளை மறுபடியும் யூகேஜியில்தான் சேர்ப்போம் என்று பள்ளிகள் சொல்ல வாய்ப்பு அதிகம். சண்டை போட வேண்டாம் என்பது என் கருத்து. புது ஊர், புது மொழி, புது வீடு மூன்றும் ஒன்றாக வருகிற வருடத்தில் பாடம் தெரிந்ததாக இருப்பது பிள்ளைக்கு நல்லதுதான். 'ஒரு வருஷம் போச்சே' என்று மாமியார் வருத்தப்படுவார். அங்கே அவளோடு படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வயதுதான் இருக்கும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தனியார் பள்ளிகளில் அட்மிஷன் நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூனுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று நினைத்திருக்காமல் இந்த வாரமே போன் செய்ய ஆரம்பியுங்கள். பெயர் பெற்ற பள்ளியைத் துரத்த வேண்டாம். யூகேஜிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடந்து போகிற தூரத்துப் பள்ளிதான் நல்ல பள்ளி. பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போது, எமிஸில் (தமிழ்நாட்டு அரசின் மாணவர் பதிவுத் தளம்) மகளின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா, யூடைஸில் (மத்திய அரசின் பதிவுத் தளம்) விடுவித்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காமல் புதுப் பள்ளியால் பிள்ளையைத் தன் கணக்கில் ஏற்ற முடியாது. பெங்களூரிலிருந்து கொண்டு கருங்கல் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்துகொண்டிருப்பது பெரிய பாடு. யூடைஸில் மகளுக்கு உள்ள நிரந்தரக் கல்வி எண்ணையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று அங்குள்ள பள்ளியிடம் முன்பே கேட்டுவிட்டால் இன்னொரு நடை மிச்சம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. ஆனால் அந்த உரிமை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மாறும்போதுதான் கைகொடுக்கும். தனியார் பள்ளியில் அதைச் சொல்லி வாதாட முடியாது.

மொழி. 2015ஆம் வருடச் சட்டப்படி கர்நாடகத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளியானாலும் கன்னடம் ஒரு பாடமாக இருக்கும். நம் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் பாதி தானாகவே காதில் ஏறிவிடும். (1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். நம் தாத்தாக்கள் திண்ணையை விட்டு இறங்காமலேயே மாநிலம் மாறியவர்கள்.) கன்னடம் அப்படித் தானாக வராது, எழுத்தும் வேறு. மகள் ஆறு மாதத்தில் பேசிவிடுவாள், அவளைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள்தான் முயற்சி எடுக்க வேண்டும். காய்கறிக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் தப்பும் தவறுமாகவாவது கன்னடத்தில் பேசுங்கள். தமிழ் நிறையப் பேருக்குப் புரியும் என்பதால் பலர் பத்து வருடம் இருந்தும் கற்பதில்லை. அது அங்குள்ளவர்களுக்கு உறுத்தும். நியாயம்தான். நம் ஊருக்கு வந்து பத்து வருடம் இருக்கிற ஒருவர் தமிழ் பேசாவிட்டால் நாமும்தான் முணுமுணுப்போம்.

தமிழ் எழுத்து நழுவிப்போவதுதான் பெரிய கவலை. ஆங்கிலம், கன்னடம், இந்தி மூன்றும் ஏறியதும் தமிழ் வெறும் வீட்டுப் பேச்சாகச் சுருங்கிவிடும். பிற்காலத்தில் ஊர் திரும்பினால், 2006ஆம் வருடத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே தமிழ் கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்பில் வந்து 'அ' எழுதத் தொடங்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்களே ஆசிரியை, எப்படிக் கற்பிப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினம் அரை மணி நேரம் போதும்.

உங்கள் வேலை. கிளம்புகிற அவசரத்தில் 'பையன் கொஞ்சம் வளரட்டும்' என்று விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம். பி.எட். இருக்கிறது, சிடெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டு டெட் கர்நாடகத்தில் உதவாது. சிடெட் மத்திய தேர்வு, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் மதிக்கும். 2021 முதல் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு. என் யோசனை, மகளைச் சேர்க்கிற பள்ளியிலேயே வேலை கேட்பது. ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிற பள்ளிகள் உண்டு, மழலையர் பிரிவோடு குழந்தைக் காப்பகம் நடத்துகிற பள்ளிகளும் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் அம்மா, மகள், மகன் மூவரும் காலையில் ஒரே வாசலுக்குப் போகலாம். முதல் வருடமே கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குழந்தைக் காப்பகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கணவருடைய கம்பெனியில் காப்பகம் உண்டா, அப்பாவின் பெயரில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆண்கள் இதைக் கேட்பதே இல்லை.

இனி, ஊரை விட்டுக் கிளம்புமுன் முடிக்க வேண்டிய காகிதங்கள். இதில் இனிஷியல்தான் வில்லன். நமக்கு 'எஸ்.' என்று ஒரு எழுத்து போதும். அங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு இடத்தில் 'எஸ்', இன்னொரு இடத்தில் அப்பாவின் முழுப் பெயர், ஆதாரில் இரண்டும் இல்லை என்று ஆகிவிட்டால் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கிற வரைக்கும் அது துரத்தும். பிறப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் எழுதுங்கள். மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பிறக்கும்போது பெயர் வைக்காமல் பதிந்து அப்படியே விட்டவர்கள் பலர். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டது. உங்கள் மகன் அந்தக் கணக்கில் வருகிறான். மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டதால் ஆதாரில் கைரேகையும் கண்ணும் பதிய வேண்டும். அதையும் இங்கேயே முடியுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் சாதிச் சான்றிதழை இ-சேவையில் விண்ணப்பித்து இப்போதே வாங்கிவிடுங்கள். இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனவர்களுக்கு அங்குள்ள மாநில இட ஒதுக்கீடு கிடைக்காது. சொந்த மாநிலத்துச் சான்றிதழ்தான் என்றைக்கும் செல்லும். வி.ஏ.ஓ.வுக்கு உங்களைத் தெரிந்திருக்கிற காலத்தில், விசாரணைக்கு ஆள் வீட்டில் இருக்கிற காலத்தில் வாங்குவது சுலபம்.

தடுப்பூசியில் பையன் முக்கியமான கட்டத்தில் இருக்கிறான். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்கத் தவணை, போலியோ ஊக்கத் தவணை மூன்றும் போட வேண்டும். மகளுக்கும் ஐந்து-ஆறு வயதில் முத்தடுப்பு இரண்டாம் ஊக்கத் தவணை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். ஊசிக் காய்ச்சலோடு ரயில் ஏறக் கூடாது. தாய் சேய் நல அட்டையை சாமான் லாரியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கினால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அதைக் காட்டி அங்கே புது இணைப்பு எடுக்கலாம். ரேஷனில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முன்னுரிமை அட்டைகளுக்கு மட்டும்தான். மற்ற அட்டைக்கு அங்கே அரிசி கிடைக்காது. மாமியார் இங்கேயே இருப்பதால் அட்டை அவர் கையில் இருக்கட்டும். வண்டியை ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்து, ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பழைய கார் என்றால் இங்கேயே விற்றுவிடலாம். சாமான் ஏற்றுகிறவர்கள் 'எல்லையில் இ-வே பில்லுக்கு' (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. சீட்டு) என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. சிவப்பரிசி, மரச்சீனி, ஏத்தன்காய், செக்குத் தேங்காய் எண்ணெய் எல்லாம் அங்குள்ள மலையாளிக் கடைகளில் கிடைக்கும். சாளையும் கிடைக்கும், ஆனால் குளச்சலில் காலையில் வாங்கிய ருசியை எதிர்பார்க்காதீர்கள். மட்டிப்பழம் வேண்டுமென்றால் ஊருக்கு வருகிறபோதுதான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். முதல் மழைக்காலத்தில் பையனுக்குச் சளி, இருமல் வரலாம். காய்ச்சல் வந்த ராத்திரியில் டாக்டரைத் தேடாமல், போன முதல் வாரமே ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டி அட்டை போட்டுவிடுங்கள்.

கடைசியாக மாமியார். வர மாட்டேன் என்பவரை நிரந்தரமாக வாருங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். வீடு, தென்னை, ரப்பர் பால் வெட்டு, சர்ச் எல்லாம் இங்கே இருக்கும்போது அடுக்குமாடியின் நாலு சுவருக்குள் அவர் என்ன செய்வார்? அவர் இங்கே இருப்பதால் வீட்டுக்கும் நல்லது. பூட்டிக் கிடக்கிற வீட்டை நம்மூர் மழை இரண்டே வருடத்தில் கரையானுக்குக் கொடுத்துவிடும். ஆனால் முதல் ஆறு வாரத்துக்கு மட்டும் கூட வரச் சொல்லுங்கள். மகள் புதுப் பள்ளிக்குப் பழகுகிற, நீங்கள் காப்பகம் தேடுகிற அந்த நாட்களில்தான் இன்னொரு கை தேவை. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுக் கையில் கொடுத்தால், 'சரி, ஒன்றரை மாசந்தானே' என்று சம்மதிப்பார்.

டிக்கெட் என்றதும் ஒன்று. குழித்துறையில் நிற்கிறது என்று ஐலண்ட் எக்ஸ்பிரஸில் போட்டுவிடாதீர்கள். அது கேரளம் வழியாகச் சுற்றிக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் எடுக்கும். நாகர்கோவிலிலிருந்து மதுரை, சேலம் வழியாகப் போகிற பெங்களூர் ரயில் சாயங்காலம் கிளம்பிக் காலையில் சேர்த்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. மகளுக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடையாது, முழு டிக்கெட்டே எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். மே 31 பயணத்துக்கு ஏப்ரல் 1 காலையில் உட்கார்ந்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஊர் வருவதாக இருந்தால் அக்டோபர் கடைசி வாரத்தை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த வாரத்தில் பெங்களூரில் இருக்கிற குமரி மாவட்டக்காரர்கள் எல்லாரும் அதே ரயிலுக்குத்தான் முட்டி மோதுவார்கள்.